பாரிஸ் குதிரைப் பந்தயமும் ஒரு பயணத் திட்டமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படின்னு பேசுங்க சார்" என்றார். "நான் இன்னும் போகவே இல்லையே" என்றேன். "போயிட்டு வந்தவங்க போட்டோதான் காட்டுவாங்க. நீங்க நோட்டைக் காட்டுங்க" என்றார். அதனால் நோட்டோடு வந்திருக்கிறேன். வரும் அக்டோபர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பாரிஸ் நகரத்தில் இருக்க வேண்டும் என்பது திட்டம். வேலைக்காக அல்ல, மேல்படிப்புக்காகவும் அல்ல. ஒரு குதிரைப் பந்தயம் பார்க்க.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். என் ஆபீசிலும் சிரித்தார்கள். "சிங்கப்பூர் போ, துபாய் போ, குதிரை பார்க்க யாராவது பிரான்ஸ் போவாங்களா?" என்று கேட்டார்கள். போகிறார்கள். ஆண்டுதோறும் ஜப்பானிலிருந்து விமானம் ஏறி அந்த ஒரு பந்தயத்தைப் பார்க்கப் போகிறார்கள். விழுப்புரத்திலிருந்து ஒருவன் போனால் என்ன?

குதிரை நமக்கு அந்நியமான பிராணி இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரைக்கும் ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போங்கள். ஐயனார் கோயில் இருக்கும். வாசலில் சுட்ட மண்ணில் செய்த குதிரை, கழுத்தில் மணி கட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். செஞ்சிக் கோட்டைக்குள் போனால் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் குதிரை லாயம். தேசிங்கு ராஜா என்று நாம் சொல்லும் தேஜ் சிங், 1714 அக்டோபரில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படைக்கு எதிராகச் சில நூறு குதிரை வீரர்களோடு போய் உயிரை விட்டவர். யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை அடக்கியவர் என்று கதைப்பாடல் சொல்லும். அதே செஞ்சிக் கோட்டையை 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஆக, குதிரையும் பிரெஞ்சுக்காரரும் நம் மாவட்டத்துக்குப் புதியவர்கள் இல்லை.

ஆனால் என் வீட்டில் குதிரை என்றால் வேறு அர்த்தம். அதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்தத் திட்டத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய நோட்டு தேவைப்பட்டது என்று உங்களுக்குப் புரியாது.

என் தாத்தாவுக்குக் கிணற்றோடு சேர்த்து 2 ஏக்கர் 40 சென்ட் கொல்லை இருந்தது. மல்லாட்டை போடுவார். 1970களின் ஆரம்பத்தில் அவருக்கு ரேஸ் பழக்கம் பிடித்துக்கொண்டது. அவர் எந்த ரேஸ் மைதானத்துக்கும் போனதில்லை. ஊரிலேயே, டீக்கடைக்குப் பின்னால், சீட்டு எழுதி வாங்கும் ஒரு ஆள் இருந்தார். குதிரையின் பெயரைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டியது. மறுநாள் பேப்பரில் முடிவைப் பார்க்க வேண்டியது. முதலில் மல்லாட்டை மூட்டை போனது, அப்புறம் மாடு, அப்புறம் கிணறு, கடைசியில் கொல்லை. என் அப்பா எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு அரிசி ஆலையில் கணக்கெழுதப் போனார். நாற்பது வருடத்துக்கு மேல் எழுதினார். அவர் எழுதிய கணக்கில்தான் நான் இந்தக் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படித்தேன்.

அதனால் நான் பாரிஸ் பந்தயம் பற்றிச் சொன்னபோது அம்மா கேட்ட கேள்வி நியாயமானது. "நம்ம நிலத்தைத் தின்ன குதிரையைப் பார்க்க நீ கடல் தாண்டிப் போறியாடா?" அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்விட்டார்.

இது கிடக்கட்டும். முதலில் அந்தப் பந்தயம் என்ன என்று சொல்கிறேன்.

பாரிஸ் நகரத்தின் மேற்கு ஓரத்தில் புலோஞ் காடு என்று பெரிய பூங்கா இருக்கிறது. அதற்குள் லோன்ஷான் மைதானம். 1857ல், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் திறந்தது. பழைய பார்வையாளர் மாடங்களை இடித்துவிட்டு தொமினிக் பெரோ என்ற கட்டிடக் கலைஞரின் வடிவமைப்பில் புதிதாகக் கட்டி 2018ல் மறுபடி திறந்தார்கள். கட்டுமானம் நடந்த 2016, 2017 ஆண்டுகளில் பந்தயத்தை ஷான்தியி என்ற ஊரில் நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் பிரீ து லார்க் து திரியோம்ஃப். எல்லோரும் சுருக்கமாக ஆர்க் என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1920ல் ஆரம்பித்தது. 1939, 1940 இரண்டு ஆண்டுகள் மட்டும் போரினால் நடக்கவில்லை. தூரம் 2,400 மீட்டர். மொத்தப் பரிசு 50 லட்சம் யூரோ. மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன ஆண், பெண் குதிரைகள் சேர்ந்தே ஓடும். 2025 வரை காயடித்த குதிரைக்கு அனுமதி இருந்ததில்லை, ஏனென்றால் அடுத்த தலைமுறைக்கு நல்ல விதைக் குதிரையையும் தாய்க் குதிரையையும் தேர்ந்தெடுப்பது இந்தப் பந்தயத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. ட்ரெவ் என்ற பெண் குதிரை 2013, 2014 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. 2025ல் வென்ற தாரிஸ், ஆகா கான் குடும்பத்து லாயத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பந்தயக் குதிரையை உலகப் புகழ் ஆக்கிய மூன்றாம் ஆகா கான் 1877ல் கராச்சியில் பிறந்தவர்.

இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 2011ல் டேன்ட்ரீம் என்ற குதிரை இந்த 2,400 மீட்டரை 2 நிமிடம் 24.49 விநாடியில் ஓடியது. வகுத்துப் பாருங்கள், சராசரி மணிக்கு கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். நம் ஊர் டவுன் பஸ் எட்டாத வேகம். அதுவும் சமதளத்தில் இல்லை. முதலில் சுமார் 10 மீட்டர் ஏற்றம், பிறகு இறக்கம், கடைசியில் 500 மீட்டருக்குச் சற்று அதிகமான நேர்ப்பாதை. முழு வேகத்தில் ஓடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். நினைத்தபோது மூச்சு வாங்க முடியாது.

இன்னொன்று, என் துறை சம்பந்தப்பட்டது. நாம் அஸ்திவாரம் போடுவதற்கு முன் மண்ணின் பலத்தைப் பார்க்க ஊடுருவல் சோதனை செய்வோம் அல்லவா? பிரான்சில் பந்தயத் தரைக்கும் அதைச் செய்கிறார்கள். ஒரு எடையைக் கம்பியின் மேல் போட்டு, கம்பி புல்தரையில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணைப் பந்தயத்துக்கு முன்னால் வெளியிடுகிறார்கள். எண் ஏறினால் தரை ஈரம், குதிரையின் கால் புதையும். அக்டோபரில் பாரிஸில் மழை சாதாரணம். ஈரத் தரையில் ஓடத் தெரிந்த குதிரை வேறு, காய்ந்த தரையில் பறக்கிற குதிரை வேறு. இதைப் படித்த அன்றைக்குத்தான் "போயே ஆக வேண்டும்" என்று எனக்குத் தோன்றியது.

சரி, இனி திட்டம்.

முதல் விதி: நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். நாம் வழக்கமாக "பணம் சேர்ந்ததும் பார்ப்போம்" என்போம். பணம் அப்படிச் சேராது. ஆர்க் பந்தயத்தில் ஒரு வசதி, தேதி மாறாது. அக்டோபர் முதல் ஞாயிறு. அதற்கு முந்தின சனிக்கிழமையும் பெரிய பந்தயங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமையே ஆர்க் தவிர 1,000 மீட்டர் பந்தயம் உள்படப் பல உண்டு. அந்த ஞாயிறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு முன்பக்கம் நோக்கி வந்தேன்.

இரண்டாவது, பணம். ஒரு ஆளுக்கு நான் போட்ட மதிப்பீடு இது. விலை மாறும், முறையைப் பாருங்கள். விமான டிக்கெட் போக வர 70,000. விசா, இன்சூரன்ஸ், அதற்கான அலைச்சல் 14,000. ஆறு இரவு தங்கல் 48,000. ஏழு நாள் சாப்பாடு, உள்ளூர் ரயில் 28,000. பந்தய நுழைவுச் சீட்டும் மற்ற இடங்களும் 12,000. அவசரத்துக்கு 20,000. மொத்தம் 1,92,000 ரூபாய். மாதம் 8,000 வீதம் 24 மாதம். கடன் இல்லை, கிரெடிட் கார்டு இல்லை. கடைசியில் இன்னொரு வரி எழுதினேன்: பந்தயத்தில் கட்டுவது, 0. அந்த வரியை அம்மாவிடம் காட்டினேன். "பூச்சியத்தை எதுக்கு எழுதின?" என்றார். "எழுதாத வரியிலதான்மா பணம் போகும்" என்றேன்.

மூன்றாவது, விசா. தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிரான்சுக்கு ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்கு மேல் 3 மாதம் செல்லுபடியாக, இரண்டு காலிப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. சென்னையிலும், நமக்கு ஒரு மணி நேர பஸ் தூரத்தில் புதுச்சேரியிலும் விண்ணப்ப மையம் இருக்கிறது. கைரேகை வைக்க நேரில் போக வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அந்த ஊர் நகராட்சியில் அவர் ஒரு சான்று வாங்கி அனுப்ப வேண்டும். "மாமா வீட்ல தங்குறேன்" என்று வாயால் சொன்னால் போதாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு சிக்கல் வரும். ஒன்று இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், பேங்கில் வேறு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க மாதக் கணக்கில் ஆகும். ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். இரண்டாவது, பேங்க் கணக்கு. விண்ணப்பிக்கும் மாதத்தில் யாரிடமோ வாங்கி மொத்தமாக இரண்டு லட்சம் போட்டுக் காட்டுவது. அவர்கள் தொகையை மட்டும் பார்ப்பதில்லை, அது எப்படி வந்தது என்றும் பார்ப்பார்கள். மாதம் 8,000 என்று 24 வரி இருக்கிற பாஸ்புக்குக்கு யாரும் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

நான்காவது, தங்குமிடம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் பாரிஸில் பெரிய ஃபேஷன் கண்காட்சிகள் நடக்கும். ஓட்டல் விலை ஏறிவிடும். முன்கூட்டியே, ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும் என்றில்லை. மெட்ரோ ரயிலில் போர்த் மயோ அல்லது போர்த் தோத்தேய் நிலையத்தில் இறங்கினால் பெரிய பந்தய நாளில் அங்கிருந்து பஸ் விடுகிறார்கள். வடக்கு ரயில் நிலையத்துக்கும் லா ஷப்பேல் பகுதிக்கும் இடையில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஈழத் தமிழர்களும் புதுச்சேரித் தமிழர்களும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். மாணிக்க விநாயகர் கோயிலும் பக்கத்தில்தான். ஏழு நாளும் பச்சை இலையைத் தின்று உயிர் வாழ வேண்டிய நிலை வராது.

ஐந்தாவது, மொழி. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விழுப்புரம்-புதுச்சேரி ரயில் பாதை 1879லிருந்து ஓடுகிறது. ஆனாலும் நம்மில் எத்தனை பேருக்கு நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியும்? நான் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை போய் வந்தேன். பந்தயச் செய்தித்தாளைப் படிக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. குதிரைக்கு "ஷ்வால்". இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, முதல் சம்பளம் வாங்கியபோது வந்ததற்குக் குறைந்ததில்லை.

ஆறாவது, ஒத்திகை. கான்கிரீட் போடுவதற்கு முன் கனசதுரம் வார்த்துச் சோதிக்கிறோம். பயணத்துக்கும் ஒன்று வேண்டும். சென்னையில் கிண்டியில் பார்க்கலாமா என்று முதலில் யோசித்தேன். 1777லிருந்து பந்தயம் நடந்த மைதானம் அது. 1974ல் தமிழக அரசு பந்தயத்தைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. 1996ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே மும்பைக்குப் போக முடிவு செய்தேன். மகாலட்சுமி மைதானத்தில் பிப்ரவரி முதல் ஞாயிறு இந்தியன் டெர்பி. அதுவும் 2,400 மீட்டர்தான். நம் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி அவர்களின் குதிரைகள் டெர்பிகள் பலவற்றை வென்று பேர் வாங்கியது ரேஸ் உலகம் அறிந்த விஷயம்.

டிக்கெட் எடுக்கும் முந்தின நாள் அப்பாவிடம் போய், "நீங்களும் வாங்கப்பா, துணைக்கு" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. "ரயில்லதானே?" என்று மட்டும் கேட்டார்.

மகாலட்சுமியில் கம்பி வேலி ஓரமாக நின்றோம். முதல் பந்தயம் ஆரம்பித்தது. தூரத்தில் ஒன்றும் தெரியாது, வண்ணப் புள்ளிகள் நகர்வது மாதிரி இருக்கும். வளைவு திரும்பி நேர்ப்பாதைக்கு வந்ததும் முதலில் சத்தம் வரும். கண்ணுக்கு முன்னால் காலில் வரும். தரை அதிரும். பதினைந்து குதிரை ஒரே மூட்டமாக நம்மைத் தாண்டும்போது மண்ணும் புல்லும் தெறிக்கும், ஜாக்கிகள் கத்துவது கேட்கும், குதிரையின் மூச்சு கேட்கும். சில விநாடிதான். அப்பா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பந்தயத்துக்கும் அப்படியே நின்றார். நான் டீ வாங்கி வந்தேன், குடிக்கவில்லை. டெர்பி முடிந்த பிறகு சொன்னார்: "இதைப் பார்க்காமலேயே எங்கப்பாரு எல்லாத்தையும் விட்டுட்டாரேடா."

நண்பர்களே, என் தாத்தா குதிரையால் அழிந்தார் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். குதிரைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு துண்டுச் சீட்டும் மறுநாள் பேப்பரும்தான். குதிரையைக் கண்ணால் பார்த்தவனுக்கு அது ஒரு உயிர், ஒரு உழைப்பு. பார்க்காதவனுக்கு அது வெறும் எண்.

இங்கே மாணவர்களிடம் ஒரு வார்த்தை. டீக்கடைப் பின்பக்கத்துச் சீட்டு இப்போது உங்கள் சட்டைப் பையில் போனாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023ல் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சட்டம் வந்தும் வேறு வேறு பெயரில், வேறு வேறு வழியில் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. செமஸ்டர் கட்டணத்தை அதில் விட்டுவிட்டு, வீட்டுக்குச் சொல்ல முடியாமல் எனக்குப் போன் செய்த தம்பி ஒருவர் உண்டு. அவருக்கு நான் அறிவுரை சொல்லவில்லை. ஒரு கணக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரான்சில் குதிரைப் பந்தயப் பணம் கட்டும் முறையை 1860களில் ஜோசப் ஒயே என்பவர் கொண்டுவந்தார். பாரி முத்துவேல் என்று பெயர். தனி ஆள் எதிரே உட்கார்ந்து பணம் வாங்க மாட்டார். கட்டுகிற எல்லோருடைய பணமும் ஒரே பானையில் விழும். அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மீதியை வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். எடுத்த பங்கு வரிக்கும், பந்தயப் பரிசுக்கும், குதிரை வளர்ப்புக்கும் போகும். 1891ல் சட்டம் போட்டு இந்த முறையை ஒழுங்குபடுத்தினார்கள். நேர்மையான முறைதான். அந்த நேர்மையான முறையிலேயே கணக்கைப் பாருங்கள். பானையிலிருந்து 100க்கு 20 எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கட்டியவர்களுக்கு மொத்தமாகத் திரும்புவது 80. அந்த 80ஐ மறுபடி கட்டினால் 64. ஆயிரம் ரூபாயோடு உள்ளே வந்த கூட்டம் இப்படிப் பத்து முறை சுற்றினால் மீதி சுமார் 107 ரூபாய். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வெறும் பெருக்கல். ஒருவர் இருவர் ஜெயிப்பார்கள், அவர்கள் படம்தான் விளம்பரத்தில் வரும். நேர்மையான பானையே இப்படி என்றால், யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத பானையின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொன்னார். அப்பா அடிக்கவில்லை. இரண்டு தவணையாகக் கட்டணம் கட்டினார்கள். இப்போது படித்து முடித்து வேலையில் இருக்கிறார்.

"அப்படியானால் திட்டம், கணக்கு எல்லாம் போட்டால் எப்போதும் ஜெயிக்கலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. ஜப்பானியர்களைப் பாருங்கள். 1969லிருந்து ஆர்க் பந்தயத்துக்குக் குதிரை கொண்டுபோகிறார்கள். 1999ல் எல் கோண்டோர் பாசா என்ற குதிரையை மாதக் கணக்கில் பிரான்சிலேயே வைத்து, அந்தத் தரைக்கும் அந்தத் தட்பவெப்பத்துக்கும் பழக்கி, அங்கேயே வேறு பந்தயங்களில் ஜெயிக்கவும் வைத்து, பிறகு ஆர்க்கில் இறக்கினார்கள். அரைக் குதிரை நீளத்தில் தோற்றது. 2012ல் ஒர்ஃபெவ்ர் கடைசி நேர்ப்பாதையில் முன்னால் வந்துவிட்டது. ஜப்பானே எழுந்து நின்றது. கோட்டுக்குச் சற்று முன் வேலிப் பக்கம் சாய்ந்து, ஒரு கழுத்து நீளத்தில் தோற்றது. மறு வருடமும் இரண்டாம் இடம். 2025 வரை ஒரு ஜப்பானியக் குதிரையும் அதை வென்றதில்லை. ஆனாலும் போகிறார்கள், ஒவ்வொரு முறையும் போன முறையைவிடக் கொஞ்சம் நன்றாகத் திட்டம் போட்டுப் போகிறார்கள். அந்த முயற்சியில் அவர்களுடைய குதிரை வளர்ப்பே உலகத் தரத்துக்கு வந்துவிட்டது. பந்தய முடிவு அவர்கள் கையில் இல்லை. பயிற்சி, தீவனம், பயணம், தரையைப் பற்றிய அறிவு எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. கையில் இருப்பதைச் சரியாகச் செய்தார்கள். தேர்வுக்கும் வேலைக்கும் போகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மறுபடி என் நோட்டுக்கு வருகிறேன். மும்பையிலிருந்து திரும்பும் ரயிலில் அப்பா கேட்டார்: "அந்தப் பாரிஸ்ல இதைவிடப் பெருசா ஓடுமா?" நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து இரண்டாம் ஆளுக்குக் கணக்குப் போட்டேன். அறை ஒன்றுதான், அவசரப் பணமும் அதேதான். டிக்கெட் 70,000, வயதானவர் இன்சூரன்ஸ் சேர்த்து விசாச் செலவு 16,000, சாப்பாடு போக்குவரத்து 22,000, நுழைவுச் சீட்டுகள் 12,000. கூடுதலாக 1,20,000. கடன் வாங்கினால் அந்த வருடமே போகலாம். வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால் ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். பந்தயம் எங்கும் ஓடிப்போகாது, அடுத்த அக்டோபரிலும் வரும். 12 மாதத்தில் 96,000 சேரும். மீதி 24,000 ரூபாய் துண்டு விழுந்தது. அரிசி ஆலையில் வேலையை விட்டபோது கிடைத்த பணத்திலிருந்து அப்பா அதை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். அறுபத்தேழு வயதில் அவர் முதல் முறையாகப் பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறார். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொன்னதுதான் அவருக்கு வருத்தம்.

பந்தயத்துக்கு மறுநாள் ஷான்தியி போகிறோம். பாரிஸ் வடக்கு நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகள் பயிற்சி பெறும் ஊர் அது. விடியற்காலையில் காட்டுப் பாதைகளில் கூட்டம் கூட்டமாகக் குதிரைகளை ஓட்டிப் போவார்கள். அங்கே 18ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு கட்டிய மாபெரும் லாயம் இருக்கிறது, அரண்மனை மாதிரி. அடுத்த பிறவியில் தான் குதிரையாகப் பிறப்போம் என்று நம்பி அப்படிக் கட்டினாராம், கதை சொல்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம செஞ்சி லாயத்தை முதல்ல ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டுப் போவோம், ஒப்பிட்டுச் சொல்லணுமில்ல" என்றார். போன மாதம் போய், லாயத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வந்திருக்கிறோம்.

அம்மாவையும் கூப்பிட்டேன். "அப்பனும் புள்ளையும் குதிரையைப் பாருங்க. நான் வீட்ல மாட்டைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நோட்டை வாங்கி அந்தப் பூச்சியம் இருக்கிற வரியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தம்பி தங்கைகளே, நீங்கள் குதிரை பார்க்கத்தான் போக வேண்டும் என்று இல்லை. ஒருவருக்குப் பாலம் பிடிக்கும், ஒருவருக்கு மியூசியம், ஒருவருக்குக் கால்பந்து. வேலைக்காக மட்டும் கடல் தாண்ட வேண்டும், மற்றதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைக்காதீர்கள். ஒரு நல்ல விஷயத்தை உலகத்தில் எங்கே மிகச் சிறப்பாகச் செய்கிறார்களோ அங்கே போய் ஒரு தடவை நேரில் பாருங்கள். தேதியை எழுதுங்கள், தொகையை எழுதுங்கள், செலவழிக்கக் கூடாத இடத்தில் பூச்சியத்தை எழுதுங்கள். நோட்டின் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். விசா பற்றிய பக்கங்களை மட்டும் விண்ணப்பிக்கும் சமயத்தில் புதிதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், விதிகளும் கட்டணமும் மாறும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு என்னை அழைத்தால் எந்தக் குதிரை ஜெயித்தது, தரையின் ஈர எண் எவ்வளவு என்பதைச் சொல்கிறேன். என்னைவிட என் அப்பா நன்றாகச் சொல்வார், அவரையே அழையுங்கள்.

 வணக்கம்.